ரெண்டு வருஷ லாபம்

அத்தியாயம் 11

வள்ளியம்மா தன் ஆயுளில் ஒரே ஒரு தரம்தான் அரசாங்கத்தை ஏமாற்றினாள். அதையும் ஊரறியச் செய்தாள். பெருமையாக வேறு சொல்லிக்கொண்டாள்.

புதிதாகக் கதைக்குள் வருகிறவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலாய் நாட்டில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால் ரெட்டைப்பால ரப்பர் தோட்டத்தில் அவளுக்கு முதலில் தனபாலன் பிறந்தான். அடுத்தது பெண். கங்கா என்று பேர் வைத்து, டவுனுக்குப் போய்ப் பிறப்புப் பத்திரமும் எடுத்தார்கள். ஒரு வயது நிறைவதற்குள் வயிற்றுப்போக்கில் அந்தப் பிள்ளை போய்விட்டது. சாவைப் பதிய மறுபடியும் டவுனுக்குப் போகவேண்டும், ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று அவள் புருஷன் வீரன் தள்ளிப்போட்டான். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கையில் இன்னொரு பெண் பிறந்தது.

"பேரும் இருக்கு, பத்திரமும் இருக்கு. புதுசா எதுக்கு?" என்றான் வீரன்.

அவ்வளவுதான். செத்துப்போன அக்காளின் பத்திரத்தோடு தங்கை கங்காவாக வளர்ந்தாள். காகிதத்தில் அவளுக்கு இரண்டு வயது கூடுதல். ஐந்து வயதிலேயே ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் கால் தரையை எட்டாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் காட்டி, "எங்க வூட்டுக்கு ரெண்டு வருஷம் லாபம்" என்று வள்ளியம்மா லயத்து வரிசை வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள். அதில் சிரிக்க முடியாத சங்கதி எதுவும் அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

லாபம் பிறகும் வந்தது. வீரன் நெஞ்சு வலியில் இறந்த வருஷம் தனபாலன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்திருந்தான், கங்கா மூன்றாம் பாரம். இரண்டு பேருடைய பரீட்சை முடிவும் ஒரே சமயத்தில் வந்தது. கங்காவுடையது பள்ளிக்கூடத்திலேயே முதல். தனபாலனுடையது பாஸ், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வள்ளியம்மாவின் தோட்டச் சம்பளம் மட்டும் போதாது; அவள் வேலை முடிந்த பிறகும் லயத்து வீடு கையில் இருக்கவேண்டுமானால் வீட்டில் இன்னொரு ஆள் தோட்டத்தில் பேர் கொடுக்க வேண்டும். மகன் படித்துச் சம்பாதித்தால் இந்த வீட்டுக்கு வரும், மகள் படித்துச் சம்பாதித்தால் போகிற வீட்டுக்குத்தான் போகும் என்று வள்ளியம்மா கணக்குப் போட்டாள். விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லோரும் வரிசையில் நிற்க, வேலை வாங்கும் மண்டோர் செல்லையாவிடம் அவளே மகளின் பேரை மரம் வெட்டும், அதாவது ரப்பர் பால் சீவும், வேலைக்குக் கொடுத்தாள். காகிதத்தில் பதினாறு. நிஜத்தில் பதினாலு.

தனபாலன் கப்பலேறி மெட்ராஸ் பக்கம் படிக்கப் போனான்.

இதெல்லாம் பத்து வருஷத்துக்கு முந்திய கதை. கங்காவோடு படித்த ரமணி, இப்போது கோல சிலாங்கூரில் அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி, போன வாரம் லயத்துக்கு வந்து ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனாள். கிராமத் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். மூன்றாம் பாரம் போதும். வயது மட்டும் இருபத்தைந்துக்குள் இருக்கவேண்டும். சனிக்கிழமைக்குள் மனுப்போட வேண்டும்.

அன்று சாயங்காலம் கங்கா ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுப்பாகப் பாடியதை வள்ளியம்மா கேட்டாள். மகளுக்குப் பாட வரும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. ராத்திரி தனபாலன் தங்கையின் அடையாள அட்டையை, ஐ.சி.யை, எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அம்மா கையில் கொடுத்தான். கங்காவுக்கு இருபத்தி நாலு. காகிதத்துக்கு இருபத்தி ஆறு.

ரெண்டு வருஷ லாபம் வீட்டு வாசலில் வந்து நின்றது.

*

கோல சிலாங்கூர் பதிவு அலுவலகத்தில் அன்று கூட்டம் இல்லை. பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கங்கா தீபாவளிப் புடவையைக் கட்டியிருந்தாள். கை விரல்களின் பால் கறை எத்தனை தேய்த்தும் போகவில்லை என்று முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"என்னா கேட்டாலும் உள்ளத சொல்லு. மத்தத நான் பேசிக்கிறேன்" என்றான் தனபாலன் அம்மாவிடம். சட்டைப்பையில் பேனா குத்தியிருந்தான். விலங்கியலில் பி.எஸ்சி. பட்டம் வாங்கியவன். அந்தக் கல்லூரியில் அந்தப் பாடத்தில்தான் இடம் காலியாக இருந்ததாம். ஊருக்குத் திரும்பியபோது அரசாங்கம் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்ளாது என்று தெரிந்தது. லயத்து ஜனங்கள் மட்டும் தாராளமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆடு மாட்டுப் படிப்புப் படித்தவன் என்று கேள்விப்பட்டு, வயிறு உப்பிய ஆடுகளையெல்லாம் அவனிடம் ஓட்டிவந்தார்கள். "டாக்டர் இருக்காரா?" என்று கேட்பார்கள். தவளையை அறுக்கத் தெரியும், ஆட்டை எழுப்பத் தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவன் ஓய்ந்துவிட்டான். செகிஞ்சானில் ஓர் அரிசி ஆலையில் லோரி எடை எழுதும் வேலை கிடைத்தது. நாடு முழுக்க வியாபாரம் படுத்ததில் போன மாதம் அதுவும் போய்விட்டது.

அதிகாரி கண்ணாடி போட்ட மலாய்க்காரர். சாந்தமான முகம். தனபாலன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். அவர் கை காட்டி நிறுத்திவிட்டு வள்ளியம்மாவைப் பார்த்தார்.

"மக்சிக் சொல்லட்டும்" என்றார், மலாயில் பெரியம்மா என்பது போல மரியாதையாக. "பெற்றவர் அவர்தானே?"

வள்ளியம்மா தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். ரெண்டு பெண் பிறந்தது, ஒன்று செத்துப்போனது, இருக்கிற பெண்ணிடம் அந்தப் பத்திரம்.

"இறந்த பிள்ளையின் பேர் என்ன?"

லயத்தில் அந்தப் பிள்ளையை 'மூத்தது' என்றுதான் சொல்வார்கள். பேர் சொல்வதில்லை. பேர்தான் இன்னொருத்தியிடம் இருக்கிறதே. வள்ளியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள், மூச்சு விடும் சத்தம் கேட்கிறது.

"கங்கா" என்றாள். "கங்கா செத்துப் போச்சு துவான்."

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மூத்த பெண்ணுக்காக அவள் அழுது கால் நூற்றாண்டு ஆகிறது. அன்று சரியாக அழவும் நேரம் இருக்கவில்லை, மறுநாள் புல்வெட்டு வேலை இருந்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"மக்சிக், நான் சொல்வதைக் கவனமாகக் கேட்கவேண்டும். இவருக்குப் புதுப் பத்திரம் போடலாம். சாட்சி வேண்டும், சத்தியப் பிரமாணம் வேண்டும், ஆறேழு மாதம் ஆகும். அது பெரிய காரியமில்லை. ஆனால் பழைய பத்திரம் இறந்த பிள்ளையுடையது என்று ஆகிவிட்டால், அதை வைத்து எடுத்த ஐ.சி.யும் அந்தப் பிள்ளையுடையது. மூன்றாம் பாரச் சான்றிதழ் எந்த ஐ.சி. எண்ணில் இருக்கிறது?"

தனபாலன் உறையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினான். அதிகாரி அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"அதேதான். அப்படியானால் பரீட்சை எழுதியதும் அந்தப் பிள்ளை."

"எழுதுனது இவ. நான் சாட்சி, இவ பள்ளிக்கூடம் சாட்சி" என்றான் தனபாலன்.

"எனக்குத் தெரிகிறது தம்பி. பரீட்சை இலாகாவுக்குத் தெரியவேண்டுமே. எழுதிப் போட்டு நிரூபிக்கலாம். எத்தனை நாள் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் இவருக்கு இருபத்தி நாலு வயது. ஆனால் படிக்கவில்லை."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வள்ளியம்மாவுக்கு மலாய் முழுவதும் புரியவில்லை, ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. வயது வேண்டுமென்றால் படிப்பைக் கொடுக்கவேண்டும். படிப்பு வேண்டுமென்றால் வயதை விடவேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அந்தப் பயிற்சி.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இன்னொன்று. எழுத ஆரம்பித்தால், இத்தனை வருஷம் ஏன் மறைத்தீர்கள் என்று மக்சிக்கை மேலே கேட்பார்கள். நான் எழுதட்டுமா, இல்லை, நாம் பேசவே இல்லை என்று இருக்கட்டுமா?"

"எழுதுங்க" என்றாள் வள்ளியம்மா. "என்னைய என்னா வேணா செய்யட்டும்."

"எழுத வேணாம்" என்றாள் கங்கா.

அங்கே வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். தனபாலன் கையில் இருந்த சான்றிதழை வாங்கி, மடிப்புக் கலையாமல் உறைக்குள் போட்டாள்.

"படிச்சது நான். அத செத்துப்போனவளுக்குக் குடுக்க மாட்டேன். வயசு போனா போவுது."

*

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து சாப்பாட்டுக் கடையில் மூன்று தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மதார் சாகிபு வந்து, "ரொட்டி போடவா?" என்று கேட்டார். தனபாலன் வேண்டாம் என்று கை காட்டினான்.

"நாந்தான் காரணம்" என்றான் தனபாலன் கடைசியில். "அன்னிக்கே நான் வேலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கணும்."

"நீ அப்ப சின்னப் பையன்" என்றாள் வள்ளியம்மா.

"அவளவிட பெரியவன்தானேம்மா." அவன் கிளாசைத் திருப்பித் திருப்பி வைத்தான். "என்கூட ரூம்ல இருந்தவன், அதே காலேஜி, அதே பி.எஸ்சி., என்னவிட மார்க்கு கம்மி. அவன் அங்கயே பேங்குல ஆபீசர். இன்னொருத்தன் துபாய்க்குப் போயி ஆஸ்பத்திரி லேப்ல இருக்கான். நான் இங்க ஆட்டுக்கு டாக்டர். அரிசி ஆலையில எனக்கு மொதலாளி யாரு, சீனத் தவுக்கே மவன். மூணாம் பாரத்தோட நின்னவன். அவங்க அப்பாகிட்ட லோரி இருந்திச்சி, ஆலை இருந்திச்சி. படிப்பு எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. எந்த ஊருல இருக்க, யாரு வூட்டுப் புள்ளங்கிறத வெச்சித்தான் அதுக்கு வெல."

"என்கிட்டயும்தான் மூணாம் பாரம் இருந்திச்சி" என்றாள் கங்கா. "அதுக்கு என்னா வெல வந்திச்சின்னு யாராச்சும் விசாரிச்சீங்களா அண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் சாதாரணமாகக் கேட்டாள். தனபாலன் தலையைக் குனிந்துகொண்டான்.

ரமணி வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்தாள். வெள்ளை உடுப்பு, மார்பில் குத்திய சின்னக் கடிகாரம். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கங்காவுக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பால் கறை படிந்த கையும் சுத்தமான கையும் மேசை மேல் கிடந்தன.

வள்ளியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ரமணி கணக்குப் பாடத்தில் கங்காவைப் பார்த்து எழுதியவள். ஒருமுறை அதற்காக இரண்டு பேருக்கும் அடி விழுந்தது. ரமணியின் அப்பா ரெங்கசாமி பால் ஸ்டோரில் வேலை செய்தவர், சம்பளம் வாங்கிய ராத்திரி லயத்தில் யாரையும் தூங்கவிடாதவர். அந்த மனுஷன் லாபம் நட்டம் என்று எந்தக் கணக்கும் போடவில்லை. மகள் படிக்கப் போகிறேன் என்றாள், போ என்றார். நாமோ வீட்டைக் காப்பாற்ற ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்தோம் என்று நினைத்துக்கொண்டாள் வள்ளியம்மா. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ரமணி மேல் அல்ல, தன் மேல்.

"கிள்ளான்ல ஒரு பிரைவேட் பிரசவ விடுதி இருக்கு" என்றாள் ரமணி தயங்கித் தயங்கி. "அங்க வயசு பாக்க மாட்டாங்க. லேடி டாக்டரே வேலை கத்துக் குடுப்பாங்க. ஆனா கவர்மெண்டு தாதி ஆவ முடியாது லா. பென்ஷன் கெடையாது. சம்பளமும் நீ மரம் வெட்டுறதுல பாதிதான் வரும். தங்க எடம் குடுப்பாங்க. இந்த வாரத்துக்குள்ள ஆள் வேணும்ங்கிறாங்க."

"அதே மூணாம் பாரத்துக்கு அங்க பாதியா?" என்றாள் கங்கா. சிரிக்க முயன்றாள்.

"வேணாம்னா விடு. சும்மா சொன்னேன்."

வருஷக் கடைசியில் வள்ளியம்மாவுக்கு ஐம்பத்தைந்து முடிந்து வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். கங்காவின் பேர் இருப்பதால்தான் அதற்குப் பிறகும் லயத்து வீடு. அவள் கிள்ளானுக்குப் போனால் வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான். 'போம்மா' என்று வள்ளியம்மாதான் சொல்லவேண்டும். இதைச் சொல்ல அவளுக்கு அந்தக் கடையிலேயே வேண்டிய நேரம் இருந்தது. சொல்லாமல் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தாள்.

*

பஸ்ஸில் மகளும் தாயும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். புக்கிட் ரோத்தான் தாண்டியதும் வள்ளியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"என்மேல கோவமா ஆயி?"

"இல்லம்மா."

"நான் கணக்கு தப்பா போட்டுட்டேன்."

"நீ மட்டுமா போட்ட? அன்னிக்கு லயத்துல எல்லாரும் அப்பிடித்தான் போட்டாங்க." கங்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். செம்பனைக் கன்றுகள் வரிசையாக ஓடின. "நீ என் பேரக் குடுத்த அன்னிக்கு என் கையப் பாத்துட்டு, பொம்பளப் புள்ள கை லேசு, மரத்துக்குக் காயம் படாதுன்னு மண்டோர் சொன்னாரு. உனக்கு ஞாபகம் இருக்கா? நீ சந்தோசமா சிரிச்ச. எனக்குப் பதினாலு வயசும்மா. உளியத் தூக்கினா தோளு வலிக்கும். நீ சிரிச்சதப் பாத்து நானும் சிரிச்சேன்."

வள்ளியம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாமல் போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"எனக்குன்னு வேற பேரு ஏதாச்சும் நெனச்சிருந்தீங்களா?" என்று கங்கா திடீரென்று கேட்டாள்.

வள்ளியம்மா யோசித்தாள். பொய் சொல்லலாம் என்றுகூட நினைத்தாள். "இல்ல ஆயி" என்றாள்.

லயத்து வாசலில் ஓர் ஆடு கட்டியிருந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரன், காலையிலிருந்து குந்தியிருக்கிறவன். "டாக்டர் தம்பி, நேத்துலேருந்து இது தண்ணியே குடிக்கல" என்றான். தனபாலன் எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்லவில்லை. பேசாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வயிற்றைத் தடவிக்கொடுத்தான். பேனா சட்டைப்பையிலேயே இருந்தது.

கங்கா உள்ளே போனாள். தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

*

மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு மணி அடித்தது. மருந்தடிக்கும் பெண்கள் ஒரு பக்கம், மரம் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம். மண்டோர் செல்லையா கை விளக்கைப் பேர் எழுதிய செக்ரோல் ஏட்டின் மேல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்.

"நாகமணி."

"இருக்கேன்."

"கங்கா."

பதில் இல்லை.

மருந்து வாளியோடு நின்ற வள்ளியம்மா வாளியைக் கீழே வைத்தாள். 'கங்கா செத்துப் போச்சு' என்று தன் வாயால் சொன்னது காதில் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மகள் வரிசையில்தான் நின்றாள். உளி இல்லை, வாளி இல்லை. நேற்றைய புடவை. காலடியில் ஒரு துணிப் பை.

"கங்கா. தூங்கிட்டியா?" என்றார் மண்டோர்.

"இல்ல மண்டோர். என் பேர அடிச்சிருங்க."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அடிச்சிட்டா? வருஷக் கடைசியில அம்மாவ நிறுத்திடுவாங்க. வூட்டுக்கு ஆள் பேரு வேணுமே. தெரியும்ல?"

"தெரியும். எங்க அண்ணன் பேர எழுதிக்குங்க."

யாரோ சிரித்தார்கள். "டாக்டரா மரம் வெட்டப் போறாரு?" என்று ஒரு குரல் கேட்டது. செல்லையா சிரிக்கவில்லை. கங்காவின் பேரைப் பத்து வருஷத்துக்கு முன் எழுதிக்கொண்டவர் அவர்தான். விளக்கை மெதுவாகத் திருப்பி வள்ளியம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்னா வள்ளியம்மா? அன்னிக்கு நீதான் பேர் குடுத்த. இன்னிக்கும் நீதான் சொல்லணும்."

வெளிச்சத்தில் அவளுக்குக் கண் கூசியது. எதிரே மகள் நிற்கிறாள், தன்னைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்க்கிறாள். பாதிச் சம்பளம், பென்ஷன் இல்லை, இருபத்தி ஆறு வயது என்று எழுதிய ஒரு காகிதம். இவளுக்குப் போய்ச் சேர்வது அவ்வளவுதான். அந்தப் பக்கம், லயத்து வீட்டில், தனபாலன் இன்னும் தூங்குகிறான். எழுந்து என்ன சொல்வான், தலையைக் குனிவானா, சட்டையை மாட்டிக்கொண்டு ஊரைவிட்டே போவானா, அவளுக்குத் தெரியாது. மெட்ராஸ் கப்பலுக்கு அவனை வழியனுப்பிய மறுநாள், கறுப்புக் கோட்டுப் போட்டுப் பட்டம் வாங்கப் போகிறான் என்று இதே வரிசையில் நின்றுதான் அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

முதல் பஸ் ரெட்டைப்பாலத்தில் ஹாரன் அடித்தது.

"எழுதிக்குங்க மண்டோர்" என்றாள் வள்ளியம்மா. வரிசையில் கடைசியில் நின்றவளுக்கும் கேட்கும்படி சொன்னாள். "தனபாலன். பி.எஸ்சி."